மறைக்காதீங்க, சொல்லுங்க!
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் குழுக் கடனில் மாடு வாங்கி, பால் ஊத்தி, கடனை அடைச்சவ. அதைச் சொல்லும்போது நான் செஞ்ச தப்பையும் சொல்லணும்.

2013-ல் டெல்டா பக்கம் கோமாரி பரவுச்சே, ஞாபகம் இருக்கா? எங்க பசு வாயில் நுரை தள்ளி, கால் நொண்டுச்சு. வெளியே சொன்னா பால் வாங்க மாட்டாங்க, தவணை கட்ட முடியாதுன்னு மறைச்சேன். வழக்கம்போல ஆத்துப் படுகைக்கு ஓட்டிட்டுப் போனேன். பத்து நாளில் பக்கத்து வீட்டு அக்கா மாட்டுக்கும் வந்துடுச்சு. அவங்க பசு பிழைச்சது. பால் குடிச்ச கன்னு நின்ன இடத்துலேயே விழுந்து செத்துச்சு. கோமாரிக் கிருமி இளங்கன்றின் இதயத்தைத் தாக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

நம்மகிட்ட இருக்கிறது ரெண்டு மாடு, மூணு மாடுதான். ஆனா எல்லாம் ஒரே படுகையில் மேயுது, ஒரே துறையில் தண்ணி குடிக்குது. எச்சில், பால், சாணம், கறக்கிற கை, போட்டிருக்கிற செருப்பு எல்லாத்துலயும் கிருமி போகும். அதனால ஊர் மாடெல்லாம் ஒரே மந்தைன்னு நினைச்சுக்கணும்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி தடுப்பூசி. அரசு இலவசமாகப் போடுது. கன்னுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி.

2. மணப்பாறைச் சந்தையில் வாங்கி வந்த மாட்டை 3 வாரம் தனியாகக் கட்டுங்க.

3. நோய் கண்ட மாட்டை மேய்ச்சலுக்கும் சந்தைக்கும் ஓட்டாதீங்க. நல்ல மாட்டை முதலில் கறங்க, நோய் மாட்டைக் கடைசியில். கன்னை ஊட்ட விடாதீங்க. லிட்டர் தண்ணிக்கு 40 கிராம் சலவைச் சோடா கலந்து கொட்டகைத் தரையைக் கழுவுங்க.

4. உடனே 1962-க்குப் போன் பண்ணுங்க. கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

நம்ம பாட்டிமார் பயந்த வெக்கை நோய் இப்போ எங்கே? இந்தியாவில் 1995-ல் கடைசி. 2011-ல் உலகத்துலேயே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. விடாமல் போட்ட ஊசியும், மறைக்காமல் சொன்ன தகவலும்தான் காரணம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். வாராந்திரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எழுதினதும், "யார் வீட்டு மாட்டுக்கு உடம்பு சரியில்லை?"ன்னு கேட்டு நோட்டில் எழுதுவோம். பால் நின்ன வீட்டுக்குத் தவணையில் அவகாசம் கொடுப்போம். தவணைக்குப் பயந்துதான் நான் மறைச்சேன். அந்தப் பயத்தை நாமே எடுத்துட்டா, இனி யாரும் மறைக்க மாட்டாங்க.