ஜே.ஜே.யின் நாட்குறிப்பு
(பாலாவியில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மேடையில் வைத்தியர் ஏறினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. எம் வகுப்புத் தோழிகள் சிலர் சேர்ந்து வாசித்து மகிழ்ந்த நாவலொன்றைப் பற்றிச் சொல்ல வந்தோம்: சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. 1981இல் வெளிவந்தது.

ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளனைப் பற்றிய கதை. அப்படியொருவன் வாழவில்லை, நாடகாசிரியர் சி. ஜே. தாமஸின் சாயல் உண்டென்பார்கள். முற்பாதியில் எழுத்தாளர்களைக் கிண்டலடிக்கும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தோம். பிற்பாதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. அங்கே வேகம் தானாகக் குறைந்தது; நாளுக்கு இரண்டு பக்கம்தான். பெண்கள் ஓரமாகவே நிற்கிறார்கள் என்று சண்டையும் பிடித்தோம்.

ஜே.ஜே. 1960 ஜனவரி 5இல், 39 வயதில் இறந்தான் என்று நாவல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆல்பெர் காம்யு வாகன விபத்தில் இறந்ததற்கு மறுநாள். ஆகவே எழுதுகிறவனுக்குத் தெரியாத முடிவு வாசிக்கிற எங்களுக்குத் தெரியும். வாட்டில் நோயாளியின் குறிப்பை எழுதும்போது எமக்கும் நாளை தெரியாது. அவர் இறந்தபின் அதே தாள்களைப் புரட்டினால், சாதாரணமாக எழுதிய வரிகூட வேறுவிதமாகத் தெரியும். இந்த நாட்குறிப்பையும் அப்படித்தான் வாசித்தோம். எங்களுக்கோ அவன் வயது கடந்துவிட்டது.

ஆங்கிலத்தில் வில்லியம் போய்ட் 2002இல் எழுதிய ‘எனி ஹியூமன் ஹார்ட்’ இன்னும் நீளம். 1906இல் பிறந்த கற்பனை எழுத்தாளர் ஒருவர், பள்ளிப் பருவம் முதல் முதுமை வரை எழுதிய நாட்குறிப்புகள் அவை. அதையும் தேடி வாசியுங்கள்.

எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த பலர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். மாற்றுடுப்பும் இல்லாமல் வந்த வீடுகளில் பழைய கொப்பி எங்கே இருக்கும்? நாவலை முடித்த அன்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்: “பிறக்காத மனுசனுக்கு இவ்வளவு நாட்குறிப்பு. எங்கட வாப்பாவுக்கு ஒரு வரிகூட இல்ல.”

நாங்கள் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவள் ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கிக்கொண்டு உம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். திகதி ஒன்றும் உம்மாவுக்கு நினைவில்லையாம். மழையையும் நோன்பையும் வைத்துத்தான் சொல்கிறாராம். கொப்பி பாதி நிரம்பிவிட்டது.

எங்கள் ‘ஜே.ஜே.’ பிரதியின் அட்டை கழன்றுவிட்டது. வாசிக்க விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் கேளுங்கள், தருகிறோம்.