குறுஞ்செய்தி: தடுப்பதும் விடுப்பதும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அலர்மேல்மங்கைத் தாயார் கோயில் கொண்டிருக்கும் இத்திருச்சானூரில், தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடும் இந்நன்னாளில், இலக்கியம் பேசாது கைப்பேசியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். ஓய்வூதியம் வந்த விவரமும், வங்கிக் கணக்கும், இரயில் பயணச்சீட்டும் இன்று குறுஞ்செய்தியாகவே நம் கைக்கு வருகின்றன. அவற்றோடு வேண்டாதனவும் வருகின்றன. ஆதலின் இதுவும் குடும்பக் காரியமே.

வேண்டாத விளம்பரங்களை மறுக்கும் உரிமை நமக்குச் சட்டப்படி உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கென 2010இலும், பின்னர் 2018இலும் விதிகளை வகுத்தது. ‘ஸ்டார்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, ஓர் இடம் விட்டுச் சுழியம் இட்டு, 1909 என்ற எண்ணுக்கு அனுப்பினால் விளம்பரங்கள் யாவும் மறுக்கப்படும். வங்கி, வீடு மனை, கல்வி, உடல்நலம், சுற்றுலா எனத் துறைவாரியாகச் சிலவற்றை மட்டும் மறுக்கவும் இயலும். அதற்கு அதே எண்ணை அழைத்துக் கேட்கலாம். இவ்வாறு பதிவு செய்வதனால் பயணச்சீட்டுச் செய்தியோ, வங்கியின் வரவு செலவுச் செய்தியோ நின்றுவிடாது.

கைப்பேசியிலேயே ஒருவரைத் தடுப்பது வேறு. அங்கு விளம்பரம், தேவை என்ற பாகுபாடு இல்லை. நிலையத்துக் கைகாட்டியைச் சாய்க்காமலே வைத்திருந்தால், சரக்கு வண்டியோடு தபால் வண்டியும் வெளியே நிற்கும் அன்றோ?

நாம் அறிந்த பெரியவர் ஒருவர், கடன் விளம்பரங்களால் சலிப்புற்று, தம் வங்கியின் பெயரில் வந்த அனைத்தையும் தடுத்துவிட்டார். நவம்பர் திங்களில் உயிர்வாழ் சான்று அளிக்க வங்கியின் செயலியைத் திறந்தார். வரவேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல் வரவேயில்லை. ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்று இரண்டு நாள் உறக்கமின்றித் தவித்தார். பின்னர் அண்டை வீட்டுக் கல்லூரி மாணவி, தடுத்தவற்றின் பட்டியலைத் திறந்து, வங்கியின் பெயரை விடுவித்தாள். அந்தப் பட்டியல் ஒவ்வொரு கைப்பேசியிலும் உண்டு. அதனைத் திங்களுக்கு ஒருமுறை பார்ப்பது நலம்.

செய்தியை இனம் காண எளிய அடையாளமும் இருக்கின்றது. 2025இல் செய்த திருத்தத்தின்படி, அனுப்புநர் பெயரின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். ‘பி’ எனில் விளம்பரம். ‘எஸ்’ எனில் சேவை. ‘டி’ எனில் பண நடவடிக்கை. ‘ஜி’ எனில் அரசு. பார்சலில் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பிரிப்பது போல இதனைப் பார்த்துப் பிரிக்கலாம்.

எனினும் வஞ்சகன் எந்தப் பதிவேட்டுக்கும் கட்டுப்படுபவன் அல்லன். வங்கிக் கணக்கு முடங்கும், மின்சாரம் துண்டிக்கப்படும் என்று பத்து இலக்க எண்ணிலிருந்து அச்சுறுத்துவான். திருமலை தரிசனச் சீட்டின் பெயரால் போலி இணையதளங்கள் நடத்தியோரும் உண்டு. ஆதலின் அறியாதார் அனுப்பிய இணைப்பைத் தொடற்க. கடவுச்சொல்லை எவர்க்கும் உரையற்க. ஐயத்திற்குரிய செய்தியை, 2024இல் மத்திய அரசு தொடங்கிய ‘சக்ஷு’ என்னும் வசதியில் தெரிவிக்கலாம். பணம் இழந்தால் தாமதியாது 1930ஐ அழைக்க வேண்டும்.

நம் நிலையில் இன்னோர் இடரும் உண்டு. நம் மூத்தோர் பலர் தமிழ் மட்டுமே படிப்பர். செய்தியோ ஆங்கிலத்தில் வருகின்றது. சில வேளை தெலுங்கில் வருகின்றது. இவ்வூர்ப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அவ்விரண்டையும் படிப்பர். படிக்கத் தெரியாமையால் ஒரு தாய் தேவையான செய்தியைத் தடுப்பதும், தீய செய்தியை நம்புவதும் நேரலாகாது. நாள்தோறும் கால் மணி நேரம் பேரன் படித்துச் சொல்லட்டும்; பாட்டி அவனுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக் கொடுக்கட்டும். இருவருக்கும் இலாபமே.

நம் சங்கத்து இளைஞர் இருவர் இருவராக இல்லந்தோறும் சென்று, முதியோர் கைப்பேசிகளைச் சீர்செய்து தருவாராயின், இவ்வாண்டு விழாவிற்கு அதனினும் நற்பயன் வேறில்லை. அதனைச் செயற்குழு ஏற்குமாறு வேண்டுகின்றோம்.