தவணை வந்தது, அக்கா வரவில்லை

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, எந்தக் குழுவுக்கு வங்கிக் கடன் நிற்கிறது என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அந்த நோட்டையெல்லாம் கொஞ்சம் மூடி வைப்போம். ஒரு கேள்வி கேட்கிறோம். யாரும் கையைத் தூக்க வேண்டாம், மனசுக்குள்ளேயே பதில் சொன்னால் போதும். போன வாரத்தில் எத்தனை ராத்திரி நிம்மதியாகத் தூங்கினீங்க?

நம்ம குழு அக்கா ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறோம். பேர் வேண்டாம். "என் கதையைச் சொல்லுங்க, பேரை மட்டும் சொல்லாதீங்க" என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு. மகன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயாச்சு. கணவர் இறந்து இரண்டு வருஷம். வீட்டில் அவரும் நாலு ஆடும்தான். கல்யாணக் கடன் இருந்தது. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரவில்லை. விதிப்படி கூட்டத்துக்கு 10 ரூபாய் அபராதம் போட்டோம். பதிவேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினோம். ஆனால் தவணை மட்டும் பக்கத்து வீட்டுப் பொண்ணு கையில் சரியாக வந்துகொண்டிருந்தது. அதனால் யாருக்கும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

நாலாவது மாசம் போனோம். எங்களைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: "தவணையைத்தான் கட்டிட்டேனே, அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

சகோதரிகளே, அந்த ஒரு கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தவணை தவறியிருந்தால் மறுநாளே போயிருப்போம். மனுஷி காணாமல் போனதற்கு மூணு மாசம் எடுத்துக்கொண்டோம். நாலு ஆட்டில் இரண்டை விற்றுத்தான் அந்தத் தவணையைக் கட்டியிருக்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்திரி தூக்கம் இல்லை. நெஞ்சு படபடப்பு. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, நெஞ்சில் கோளாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் "காத்து கருப்பு" என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். "எல்லாருக்கும் வர்றதுதானே, தைரியமா இரு" என்று நாங்களும் முதலில் அதையேதான் சொன்னோம். தைரியமாக இருக்க முடிந்தால் அவர் ஏன் இப்படி இருக்கப் போகிறார்?

அப்புறம்தான் எங்கள் போனில் 14416 போட்டுக் கொடுத்தோம். வீட்டுக்குள் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று ஆட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்தார். நாங்கள் வாசலில் தள்ளி நின்றோம். முதல் ஐந்து நிமிஷம் அழுகைதான். அந்தப் பக்கம் இருந்தவர் போனை வைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "அந்தம்மா என்னைத் திட்டலீங்க" என்றார்.

இந்த எண்ணைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை என்றால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். 2024 அக்டோபரில் இதற்கு ஒரு செயலியும் வந்தது. வீடியோவில் முகம் பார்த்துப் பேசும் வசதியைத் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில்தான் முதலில் தொடங்கினார்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், சாதாரண அழைப்பே போதும்.

"போனில் பேசினால் கடன் அடையுமா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. அடையாது. ஆனால் தூக்கம் இல்லாத மண்டைக்கு எல்லாக் கஷ்டமும் ஒரே மூட்டையாகத் தெரியும். அதைப் பிரித்து, இது கடன், இது தனிமை, இது உடம்பு என்று தனித்தனியாக வைக்க ஆலோசகர் உதவுவார். நம்ம அக்காவுக்கும் அப்படித்தான் நடந்தது. கடனுக்குக் குழுவில் பேசித் தவணைக் காலத்தை நீட்டினோம். அரசு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதித்ததில் தைராய்டு குறையும் ரத்தசோகையும் இருந்தன. மாதவிடாய் நிற்கும் காலத்திலும் தூக்கக் குறைவு, படபடப்பு, எரிச்சல் வரும். அதனால் எல்லாவற்றையும் "மனசு" என்று ஒதுக்காமல் உடம்பையும் பார்க்க வேண்டும்.

இப்போது முழுசாகச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி நாலைந்து மணி நேரம் தூங்குகிறார். கூட்டத்துக்கு வருகிறார். போன மாசம் ஒரு தடவை சிரித்தார்.

போனில் ஆலோசனை என்றதும் சில பேர் ஏமாற்றவும் பார்ப்பார்கள். ஆலோசனை சொல்ல ஓ.டி.பி. எதற்கு? வங்கிக் கணக்கு எண் எதற்கு? கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். காசு வாங்கும் தனியார் ஆலோசகர் என்றால் என்ன படித்திருக்கிறார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று தைரியமாகக் கேளுங்கள். மருந்து எழுதித் தர வேண்டியவர் மருத்துவர்தான். "ஊருக்குத் தெரிஞ்சிடுமே" என்ற பயம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு.

போன் மட்டும் போதாத நேரமும் இருக்கிறது. "செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் சும்மா சொல்றாங்க என்று விடாதீங்க. நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், பூச்சி மருந்தை வீட்டை விட்டே அகற்றுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் அடி உதை என்றால் 181.

கடைசியாக, இன்றைக்கு மூன்று தீர்மானம் போடலாம் என்று கேட்கிறோம்.

ஒன்று, இரண்டு கூட்டத்துக்குத் தொடர்ந்து வராத உறுப்பினர் வீட்டுக்கு, அபராதம் எழுதும் முன் இரண்டு பேர் போய்ப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போங்கள், பதிவேட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

இரண்டு, நம்மில் பல பேருக்குச் சொந்த போன் இல்லை. இருந்தாலும் யாரைக் கூப்பிட்டோம் என்று வீட்டில் பார்ப்பார்கள். அதனால் கூட்டமைப்பு அலுவலகத்தின் பின் அறையை வாரம் ஒரு மதியம் பூட்டும் போனுமாக ஒதுக்குவோம். யார் வந்தார்கள் என்று எதிலும் எழுதக் கூடாது.

மூன்று, தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் மனசு ஒட்டாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "சரியாயிடும்" என்று சொல்லாமல் 14416-க்குப் பேச வைப்போம். நமக்கே இருந்தால் நாமே பேசுவோம்.

அந்த அக்காவின் 30 ரூபாய் அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பதிவேட்டில் எழுதிய "ஒத்துழைப்பு இல்லை" என்ற வரி மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அடிக்கவில்லை. அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதினோம், உண்மையில் ஒத்துழைக்காதது நாங்கள்தான். புது ஊக்குநர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே அதை விட்டு வைத்திருக்கிறோம்.