காப்பித் தோலும் அடுப்படிக் குப்பையும்



பந்திங், பத்து பகாட், குளுவாங் பக்கங்களில் காப்பி மரம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த உரை. நம் முன்னோரில் பலர் இந்நாட்டில் முதலில் கால் வைத்தது காப்பித் தோட்டங்களில்தான். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தது; பிறகு ரப்பர் அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று இங்கே காப்பி என்றால் பெரும்பாலும் லிபரிக்கா வகைதான், அதுவும் சிறு தோட்டங்களில்.

லிபரிக்காப் பழத்துக்குத் தோல் தடிப்பு. நூறு கிலோ பழம் பறித்தால் காய்ந்த கொட்டையாகக் கைக்கு வருவது ஏறக்குறைய பத்துக் கிலோதான். தோலையும் சதையையும் பலர் வாய்க்காலில் தள்ளுகிறோம். அது அழுகும்போது தண்ணீரில் கலந்திருக்கும் காற்றை உறிஞ்சிவிடும். மீன் செத்து மிதக்கும். இப்படி உரத்தை ஆற்றில் விட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்து உரமூட்டை வாங்குகிறோம்.

சரி, குவித்து வைத்தால் எருவாகிவிடுமா? நானும் அப்படி நினைத்து ஈரத்தோலை மட்டும் கொல்லையில் குவித்தேன். இரண்டு வாரத்தில் கொழகொழவென்று புளித்து, கொசுறு ஈ மொய்த்து, பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. காற்று நுழைய இடமில்லாததே காரணம்.

காப்பிக் கழிவில் இரண்டு வகை உண்டு. இயந்திரத்தில் பச்சையாக உரித்த தோல் ஈரமானது. அதற்குக் காய்ந்த துணை வேண்டும். ஒரு வாளி ஈரத்தோலுக்கு இரண்டு வாளி வாழைச் சருகோ காய்ந்த லாலான் புல்லோ போடுங்கள். பழத்தை முழுதாக வெயிலில் உலர்த்திக் குத்தியெடுத்த தோல் காய்ந்தது. அது தனியே கிடந்தால் எளிதில் மக்காது. அதற்குத் துணை நம் அடுப்படியிலேயே இருக்கிறது. காய்கறித் தோல், கீரைத் தண்டு, தேங்காய்ச் சக்கை, தேயிலைத் தூள், முட்டை ஓடு எல்லாம் ஆகும். மீன் குடல், இறைச்சி, எண்ணெய்க் குழம்பு வேண்டாம். எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும்.

தாய்மார்களே, காய்ந்த தோலை ஒரு சாக்கில் கட்டி அடுப்படி வாசலில் வையுங்கள். அன்றாடக் குப்பையை வாளியில் கொட்டி, மேலே இரண்டு கை தோலைத் தூவினால் நாற்றமும் ஈயும் அடங்கும். ஒரு வீட்டுக் குப்பை குவியலுக்குப் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடியாவது இருந்தால்தான் உள்ளே சூடு ஏறும். ஆகவே நாலு வீடு சேர்ந்து ஒரு குவியல் போடுவது நல்லது. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, மேட்டில் போடுங்கள். இடையிடையே பழைய மண் ஒரு மண்வெட்டி, சாம்பல் ஒரு பிடி. சாணி கிடைத்தால் இன்னும் நல்லது. நம் ஊர் மழைக்கு மேலே அத்தாப்போ தகரமோ கட்டாயம் வேண்டும்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, சற்றுப் பொறுத்து உருவித் தொடுங்கள். சுட்டால் வேலை நடக்கிறது.

வாரம் ஒருமுறை கிளறுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காற்றுக்காக மட்டுமல்ல. காப்பிக்கு நிழலாகத் தென்னை நிற்கும் இடங்களில் காண்டாமிருக வண்டு இந்தக் குவியலைத் தேடி வந்து முட்டையிடும். கிளறாமல் விட்டால், விரல் பருமனில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு வண்டாகி, தென்னை, செம்பனைக் குருத்தைத் துளைக்கும். புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

மூன்று மாத அளவில் எரு கறுத்து, புதுமழை பெய்த மண் போல் மணக்கும். ஐயமிருந்தால் ஒரு டின்னில் அதை நிரப்பிப் பாசிப்பயறு விதையுங்கள். முளை கருகினால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். நன்றாக வந்தால், காப்பி மரத்துக்கு ஒரு வாளி, அடிமரத்தை ஒட்டாமல், கிளை நிழல் விழும் வட்டத்தில் போட்டு மண்ணால் மூடுங்கள். மிஞ்சியது கத்தரிக்கும் வெண்டைக்கும்.