பத்துப் புத்தகமும் ஓட்டுச் சீட்டும்

(பிள்ளையார்குப்பத்தில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வந்தாச்சு. அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

கல்லூரி நூலகத்துக்கு ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வாங்கித் தருவதென்று நம் சங்கம் முடிவு செய்திருக்கிறது. என்ன புத்தகம் வாங்குவது? "எக்காலத்துக்கும் சிறந்த பத்து நூல்களை ஒவ்வொருவரும் எழுதிக் கொடுங்க, ஓட்டு எண்ணி மேலே வருவதை வாங்கிடலாம்" என்று சீட்டும் கொடுத்துவிட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால், எண்ணுவதற்கு முன்னால் ஒரு இன்ஜினீயர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மீட்டர் எதை அளக்குது?

ஒரு நூல் எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் ஓட்டு முதலில் அளக்கிறது. சிறப்பு என்பது அதற்கு அப்புறம்.

1880-ஆம் ஆண்டு கும்பகோணத்துக்கு வாருங்கள். அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகக் கற்றவை. முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை!

அன்றைக்கு நம்ம சீட்டைக் கும்பகோணத்துப் புலவர்கள் கையில் கொடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்? அந்தாதிதான் வந்திருக்கும். புறநானூற்றுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்குமா என்பதே சந்தேகம். அது ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்ததே 1894-இல்தான். சிந்தாமணி 1887-இல் வந்தது. இத்தனைக்கும் தொடக்கம், ஊரே சொன்ன பட்டியலைத் தாண்டி ஒரே ஒரு வாசகர் கேட்ட கேள்வி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1998-இல் அமெரிக்காவின் மாடர்ன் லைப்ரரி பதிப்பகம் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த நூறு ஆங்கில நாவல்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் குழு ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ முதலிடம் என்றது. வாசகர்களுக்கும் இணையத்தில் ஓட்டு வைத்தார்கள். அதில் முதல் பத்தில் நான்கு அயன் ராண்ட் எழுதியவை, மூன்று எல். ரான் ஹப்பர்ட் எழுதியவை! ரசிகர் பட்டாளம் திரண்டு வந்து குத்தினால் இப்படித்தான் ஆகும். நம்ம ஊரில் சினிமாவுக்குப் பார்க்காததா?

சரி, எழுத்தாளர்களையே கேட்டால்? 2002-இல் நார்வே புத்தகக் கழகம் 54 நாடுகளைச் சேர்ந்த நூறு எழுத்தாளர்களைக் கேட்டது. ‘டான் குயிக்சாட்’ முதலில் வந்தது. மற்ற 99 நூல்களுக்கு வரிசை எண் போடாமல் விட்டார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. மகாபாரதம், வால்மீகி ராமாயணம், சாகுந்தலம் எல்லாம் அதில் உண்டு. தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை, குறள் உட்பட. அதனால் குறள் குறைந்துபோச்சா? தமிழ் படிக்கத் தெரிந்தவர் அந்த நூறு பேரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசியுங்கள், போதும்.

இப்ப நம்ம சீட்டுக்கு வருகிறேன். ‘பொன்னியின் செல்வன்’ ஜெயிக்கும் என்று இப்போதே பந்தயம் கட்டுவேன். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் 1999-இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனபின் எல்லாப் பதிப்பகமும் போடுகிறது, 2022-இலும் 2023-இலும் படமும் வந்துவிட்டது. அது இல்லாத விடுதி அறை ஏது? நான் எழுதியதில் பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ ஒன்று. நம்ம புதுச்சேரிக்காரர், ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியை எழுதி 1995-இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கினார். இன்னொருத்தர் அதை எழுதியிருப்பாரா, தெரியாது. இந்த அலமாரியால் யாருக்காவது லாபம் வர வேண்டுமென்றால் அந்த மாதிரிப் புத்தகத்தால்தான் வரும்.

ஆகவே என் கோரிக்கை, சீட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள். ‘படித்தவை’ ஒரு பக்கம், ‘சிறந்தவை’ ஒரு பக்கம். ஒரு உதாரணத்துக்கு, நாற்பது பேர் படித்ததில் பத்துப் பேர் சிறந்தது என்கிறார்கள். இன்னொன்றை ஐந்தே பேர் படித்து, நான்கு பேர் சிறந்தது என்கிறார்கள். வெறும் ஓட்டில் பத்துக்கு நான்கு. படித்தவர் கணக்கில் 25-க்கு 80. அந்த ஐந்து பேரும் ஒரே அறை நண்பர்களாக இருக்கலாம்தான். அதனால் இந்தக் கணக்கையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். பணத்தில் கால் பங்கை ஒற்றை ஓட்டு நூல்களுக்கு ஒதுக்குங்கள். ஒரே நிபந்தனை: எழுதியவர் ஏன் என்று நாலு வரி எழுதி, அதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

பக்கத்துப் பாகூரில் ஒரு கல்விச் சாலைக்காக மூன்று கிராமங்களையே கொடையாகக் கொடுத்ததை, ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. நம்மிடம் கேட்பது கால் அலமாரிதான்.

மாணவர்களும் சீட்டு எழுதலாமா என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். படிக்கப்போவதே நீங்கள்தானே, கட்டாயம் எழுதுங்கள். பதிவு மேசையில் இன்னும் சீட்டு இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு முன்னால் எழுதிப் போட்டுவிடுங்கள். சாப்பிட்டபின் யாரும் எழுத மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.