மணிக்கட்டினுள் ஓர் ஒடுங்கிய வழி

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையிலே கிழிந்த வலையைப் பொத்தும் கைகள் நாள் முழுதும் ஓய்வதில்லை. ஊசி கண்ணுக்குக் கண் ஏறி இறங்க, மணிக்கட்டு மடங்கியும் நிமிர்ந்தும் உழைக்கிறது. அத்தகைய கை ஒன்று சிலருக்கு நள்ளிரவில் விறைத்து, உறக்கத்தைக் கலைத்துவிடுகிறது. எழுந்து உதறினால் சற்றே ஆறுதல். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி. சிறுவிரலுக்கோ பெரும்பாலும் யாதொரு தீங்குமில்லை. சிறுவிரல் தப்பிவிடுவதே இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் குறி.

மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகள் தளமாகவும் தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரையாகவும் அமைந்த குகை உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடுநரம்பும் அதனூடே செல்கின்றன. அங்கே இடம் குறுகினால் நசுங்குவது நரம்பே. கைவேலை மட்டுமன்றி நீரிழிவு, தைரொயிட் சுரப்புக் குறைவு, கருவுற்ற காலம் ஆகியனவும் இதற்கு ஏதுவாகும். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் மட்டையும், சிலருக்கு ஸ்டீரொயிட் ஊசியும் முதலில் பயன்படும். அவற்றுக்கு அடங்காவிடின் சத்திரசிகிச்சை.

“நரம்பை வெட்டிவிடுவார்களே!” என்று அஞ்சுவோர் பலர். இரத்தக் குழாய்க்கும் தசைநாணுக்கும் உணர்ச்சி நரம்புக்கும் ‘நரம்பு’ என்ற ஒரு சொல்லையே பேச்சில் வழங்குவதும் இவ்வச்சத்தை வளர்த்திருக்கலாம். உண்மையில் வெட்டப்படுவது கூரையாகிய நார்ப்பட்டை. நரம்பு விடுதலை பெறுகிறது.

பட்டையை அடையும் வழிகள் இரண்டு. உள்ளங்கையின் அடியைச் சில சென்ரிமீற்றர் கீறி, நேரே கண்டு வெட்டுவது பழைய முறை. அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். தழும்பு சில மாதம் நோகக்கூடும். மற்றது, சிறு துளை வழியே உள்நோக்குக் குழாயைச் செலுத்துவது. யப்பானில் ஒக்குட்சுவும் அமெரிக்காவில் சோவும் 1989 இல் இதனை வெளியிட்டனர். இதில் தழும்பின் நோவு குறைவு. ஏறக்குறைய ஒரு வாரம் முந்தித் தொழிலுக்குத் திரும்பலாம். ஆனால் தற்காலிக நரம்புக் கோளாறு சற்றுக் கூடுதல். தனிக் கருவியும் பயின்ற கையும் வேண்டும். மாதங்கள் சென்றபின் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே, தாம்போதி கடந்து தொலைநகர்களில் அக்கருவியைத் தேடி அலைவதில், மிச்சமாகும் ஒரு வாரமும் கரைந்துபோகலாம். எம்முறையாயினும் காயம் ஆறும்வரை கடல்நீர் ஆகாது. கரைவலைக் கயிற்றை இழுப்பதற்கு இன்னும் பல வாரம் பொறுக்கவேண்டும். இழப்பு அவ்வளவே.

தாமதத்தின் இழப்போ வேறு. நசுங்கிய நரம்பு உணர்ச்சி இழக்க இழக்க நோவும் தணிவதுண்டு. அதனைச் சுகமென்று எண்ணியிருக்கையில் பெருவிரலின் அடித்தசை வற்றுகிறது. வலை ஊசி பிடியினின்று நழுவுகிறது. அதன்பின் எவ்வழியால் பட்டையைத் திறந்தாலும், வற்றிய தசை முழுதும் மீள்வது அரிது.