சிறுவன் கையில் மதுப்புட்டி: சட்டம் கூறுவது என்ன?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



திருவிழா இரவில் 17 வயதுப் பையன் ஒருவன் மதுப்புட்டி கொண்டுவந்து, 15 வயதுத் தோழனுக்கும் ஊற்றிக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். செய்தி வெளிப்பட்டதும் ஊரார் இரண்டில் ஒன்றைச் செய்வர். பிள்ளை விளையாட்டு என்று மூடி மறைப்பர். அல்லது பையனை மந்தையில் நிறுத்தி அடித்து, தந்தையிடம் அபராதம் வாங்குவர். இவ்விரண்டும் முறையல்ல என்பதையே இன்று நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகளே. மருத்துவரின் ஆணையின்றி ஒரு குழந்தைக்கு மதுவோ, போதைப்பொருளோ, புகையிலையோ எவர் கொடுப்பினும், கொடுக்கச் செய்யினும், 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று அதன் 77ஆம் பிரிவு கூறுகிறது. விற்றால்தான் குற்றம் என்பதில்லை. அன்பளிப்பாகக் கொடுத்தாலும் குற்றமே. 'எவர்' என்பதில் கடைக்காரரும் அடங்குவர், விருந்தில் ஊற்றித் தரும் மாமனும் அடங்குவார், தோழனும் அடங்குவான்.

கொடுத்தவனும் சிறுவனாயின், அவனைச் சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையாகக் கருத வேண்டும் என்பது 89ஆம் பிரிவு. அவனைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது. பிடிக்கப்பட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் அமர்ந்த குழுமம் அது. அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். வளர்ந்தோரைப் போல் விசாரிக்கும் வழி, 16 வயது நிறைந்தோர் செய்யும் மிகக் கொடிய குற்றங்களுக்கே உண்டு. இக்குற்றம் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

குழுமம் அறிவுரை கூறி அனுப்பலாம்; சமூகப் பணி செய்யப் பணிக்கலாம்; பெற்றோரை அபராதம் செலுத்தச் சொல்லலாம்; நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம்; தேவையெனில் 3 ஆண்டு வரை சிறப்பு இல்லத்துக்கும் அனுப்பலாம். 'வழக்கு வந்தால் அரசு வேலை போய்விடுமே' என்று பெற்றோர் அஞ்சுவர். இத்தகைய வழக்கின் முடிவு பிற்காலத்தில் அவனுக்குத் தகுதிக் குறைவாகாது என்று 24ஆம் பிரிவு உறுதியளிக்கிறது. திருத்துவதே சட்டத்தின் நோக்கம்.

ஆனால் அச்சிறுவனுக்கு மது எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கலாகாது. எனினும், 'ஓடிப்போய் ஒரு புட்டி வாங்கி வா' என்று பையனை ஏவும் பெரியவர்கள் நம்மிடையே இல்லையா? மது விற்கவும், சுமக்கவும், கொண்டு கொடுக்கவும் குழந்தையைப் பயன்படுத்துவோருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 78ஆம் பிரிவு இடமளிக்கிறது. நாம் காட்டிய வழியில் நடந்த சிறுவனை நாமே மந்தையில் நிறுத்தி அடிப்பது எவ்வாறு நீதியாகும்?

மோட்டார் சைக்கிளை மறத்தல் ஆகாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

ஆகவே ஊராட்சி உறுப்பினர் செய்ய வேண்டுவன யாவை? குடித்த சிறுவன் நினைவிழந்து கிடந்தால் வழக்கைப் பற்றிப் பேசுமுன் 108 வண்டியை அழையுங்கள். பின்னர் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைக் கூட்டுங்கள். மந்தைத் தீர்ப்பும் அடியும் வேண்டா. சிறுவரின் பெயரையோ படத்தையோ கைப்பேசியில் பரப்பாதீர்கள். அதற்கு 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நாற்று வாடினால் நாம் நாற்றை அடிப்பதில்லை. நீரையும் நிலத்தையும் பார்க்கிறோம். எந்தப் பிள்ளையையும் மதுக்கடைக்கு அனுப்புவதில்லை என்று அடுத்த கிராம சபையில் ஊர் கூடி உறுதி பூணுவோமாக.